மாணவியரோடு மேடையேறிய மகாகவி

கலைவிழா என்றதும் நமக்கு ஒத்திகைதான் முதலில் ஞாபகம் வரும். கணித பாடத்தைத் தப்பவிட்டு மண்டபத்துக்கு ஓடிய நாட்களை யார் மறப்பார்? ஆனால் ஒத்திகைக்கும் முன்னால் ஒரு கட்டம் இருந்தது: வீட்டில் அனுமதி பெறுவது. பாடலாம், ஆடக்கூடாது என்பார் அப்பா. பாடசாலைக்குள் சரி, வெளி மண்டபத்தில் வேண்டாம் என்பார் அம்மம்மா. இந்தத் தடையை நமக்கு வெகுகாலம் முன்பே நேரில் சந்தித்த ஓர் ஆசிரியரைப் பற்றி எழுதுகிறேன். அவரை உலகம் கவிஞராக அறியும். நம் கண்டியில் அவர் சில நாட்கள் தங்கியும் இருக்கிறார்.

இரவீந்திரநாத் தாகூர் 1861இல் கல்கத்தாவில் பிறந்தார். பல பாடசாலைகளில் சேர்த்தும் ஒன்றிலும் மனம் ஒட்டாத பிள்ளை அவர். அதனாலேயோ என்னவோ, 1901 டிசம்பரில் சாந்திநிகேதனில் ஐந்து மாணவருடன் தாமே ஒரு பாடசாலையைத் தொடங்கினார். செலவுக்கு மனைவி மிருணாளினியின் நகைகளும் போயின. மரநிழலில் வகுப்பு, மழைக்கு ஒரு பாட்டு, சரத்காலத்துக்கு ஒரு நாடகம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அவருடைய பாடல்களில் பலவற்றை முதலில் பாடிய வாய்கள் மாணவருடையவை. 1916இல் பங்குரா பஞ்ச நிவாரணத்துக்காகப் ‘பால்குனி’ நாடகத்தைக் கல்கத்தாவில் நடித்தபோது, நோபல் பரிசு பெற்ற அந்த மனிதர் கண்பார்வையற்ற பாடகனாக மாணவர் நடுவே நின்றார்.

1926இல் அவர் எழுதிய ‘நடீர் பூஜா’வில் பெண் பாத்திரங்கள் மட்டுமே. அரச ஆணையை மீறிப் புத்தரின் தூபிக்கு முன் நடனத்தையே பூசையாக்கி உயிர்விடும் ஒரு நடனப்பெண்ணின் கதை அது. ஓவியர் நந்தலால் போஸின் மகள் கௌரி அந்தப் பாத்திரத்தை ஏற்றாள். சாந்திநிகேதனில் ஆடியவரை சரி. அடுத்த ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் ஆட வேண்டும். நல்ல குடும்பத்துப் பெண் பலர் முன் ஆடுவதா என்று ஊர் பேசும் என்பது தாகூருக்குத் தெரியும். நாடகத்தை அவர் நிறுத்தவில்லை. பிள்ளைகளைத் தனியே அனுப்பவும் இல்லை. உபாலி என்ற பிக்குவின் பாத்திரத்தைப் புதிதாக எழுதிச் சேர்த்து, 65 வயதில் தாமே மேடையேறினார். பேச்சு வந்தால் தம் தலையிலும் விழட்டும் என்ற இந்தத் துணிவுதான், என் கண்ணுக்கு, அவருடைய எந்தப் பட்டத்தையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

1934 மே மாதம் மாணவ மாணவியரையும் ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு இலங்கைக்கு வந்தார். விஸ்வபாரதிக்குப் பணம் தேவைப்பட்டது. கொழும்பு ரீகல் அரங்கில் ‘சாப்மோசன்’ இசைநாடகம் மேடையேறியது. குச ஜாதகக் கதையிலிருந்து கிளைத்தது அது. ஆகவே சிங்கள ரசிகருக்கு அந்நியமாக இருந்திராது. மே 20இல் ஹொரணையில் ஸ்ரீபாலி கலைக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டினார். பிறகு கண்டி. பிள்ளைகளின் நிகழ்ச்சிகளுக்கு நடுவே ‘சார் அத்யாய்’ நாவலை ஜூன் தொடக்கத்தில் இங்கேதான் எழுதி முடித்தார். நமது மலைக்காற்றுக்கு இதில் கொஞ்சம் பங்குண்டு என்று பெருமைப்படுவதில் தவறில்லையே! கண்டிய நடனத்தையும் பார்த்தார். அந்த மேளமும் பாய்ச்சலும் அவரை விட்டுப் போகவில்லை. 1940இல் வெளிவந்த ‘நவஜாதக்’ தொகுப்பில் அதைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது.

பணக் கஷ்டம் மட்டும் தீரவில்லை. 1936இல், 75ஐ நெருங்கிய வயதில், ‘சித்ராங்கதா’ குழுவுடன் வட இந்தியா முழுவதும் அலைந்தார். டில்லியில் இதைக் கண்டு பொறுக்காத காந்தியடிகள் 60,000 ரூபாய் திரட்டிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். 1941 ஆகஸ்ட் 7இல் கல்கத்தாவில், பிறந்த வீட்டிலேயே காலமானார்.

அந்த 1936இல்தான் நம் நாட்டு இளைஞர் ஆனந்த சமரக்கோன் சாந்திநிகேதனுக்குப் போய்ச் சில மாதங்கள் படித்துத் திரும்பினார். பின்னர் காலி மகிந்த கல்லூரியில் இசை கற்பித்தவர், 1940இல் ஒரு பாட்டை இயற்றினார். கொழும்பு மியூசியஸ் கல்லூரி மாணவியர் அதைப் பொதுமேடையில் முதன்முதலில் பாடினார்கள் என்பார்கள். 1951இல் அது தேசிய கீதமாயிற்று. புலவர் மு. நல்லதம்பி அதைத் தமிழாக்கினார். திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில், பின்வரிசையில் நின்று சுருதி தப்பி நாம் பாடியது அதைத்தான்.