பொம்மை ரயில் வந்தா ஓடிவரும் குட்டி கேட்மேன்... லயனல் கோவன் கதை!

யூடியூப்ல பொம்மை ரயில் வீடியோ பார்த்திருப்பீங்க. ரயில் வருது, கேட் தானா மூடுது, சிக்னல் சிவப்புக்கு மாறுது. யாரும் கை வைக்கலை. தண்டவாளத்துக்கு அடியில ஒரு குட்டி காந்த ஸ்விட்ச் ஒளிஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஆனா, அந்த ஸ்விட்ச் பொம்மைக் கடைகளை எட்டிப் பார்க்கும் முன்பே, தான் வருவதை ரயிலே சொல்ல வேண்டும் என்று மெனக்கெட்டவர் ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் ஜோஷுவா லயனல் கோவன்.

1877-ல் நியூயார்க்கில், யூதக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசுல மரத்துல ரயில் இன்ஜின் செதுக்கி, அதில் நீராவி இன்ஜினைப் பொருத்தப்போய், அது வெடித்து வீட்டுச் சுவரே பாழானதாக ஒரு கதை உண்டு. கல்லூரிப் படிப்பை முடிக்கலை. அமெரிக்கக் கடற்படைக்குக் கண்ணிவெடித் திரிகள் செய்து கொடுத்ததில் கையில் காசு சேர்ந்தது. 1900-ல் தன் நடுப்பெயரிலேயே லயனல் கம்பெனியைத் தொடங்கினார்.

முதல் ரயில் குழந்தைகளுக்கானதே இல்லை. கடை ஜன்னலில் சரக்கைச் சுமந்து சுற்றிவந்து வாடிக்கையாளரை இழுக்க, பேட்டரியில் ஓடும் ஒரு பெட்டி. வந்தவங்க சரக்கை விட்டுட்டு ரயிலை விலை கேட்டாங்க. தொழிலே மாறிப்போச்சு!

அடுத்து பெரும் பொருளாதார மந்தம். 1934-ல் கம்பெனி நீதிமன்றக் கண்காணிப்புக்குப் போனது. ஒரு டாலர் விலையில் விட்ட மிக்கி மவுஸ் தள்ளுவண்டிதான் காப்பாற்றியது என்பார்கள். லட்சக்கணக்கில் விற்றது நிஜம். அது மட்டுமே காப்பாற்றியது என்பது கொஞ்சம் மசாலா.

எனக்குப் பிடிச்சது 1935-ல் வந்த கேட்மேன். ஒரு சின்னக் கொட்டகை. ரயில் நெருங்கினா கதவு திறக்கும், லாந்தர் விளக்கோட ஒரு ஆள் வெளியே வருவார். ரயில் போனதும் உள்ளே போயிடுவார். எப்படி? லயனல் தண்டவாளத்துக்கு மூன்று கம்பிகள். நடுக்கம்பியில் மின்சாரம் வரும், ஓரக்கம்பிகள் வழியே திரும்பும். ஓரக்கம்பி ஒன்றில் ஒரு துண்டை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டால், ரயிலின் உலோகச் சக்கரங்கள் அதன் மேல் ஏறும்போது இரண்டு ஓரக்கம்பிகளும் இணைந்து, கேட்மேனுக்கு மின்சாரம் போகும். ரயிலோட சக்கரமே ஸ்விட்ச்! இன்னொரு வழி, எடை. தண்டவாளத்துக்கு அடியில் ஸ்பிரிங் வைத்த தட்டு. ரயில் ஏறி அழுத்தினால் இணைப்பு கிடைக்கும். ரயில் ரொம்ப லேசா இருந்தா திருகைத் திருகிச் சரிபண்ணணும்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1936-ல், பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் என்பவர் ரீட் ஸ்விட்சைக் கண்டுபிடித்தார். சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் பக்கத்தில் வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். பொம்மைக்காகச் செய்ததில்லை, தொலைபேசித் துறையின் தேவை. இன்று பொம்மை ரயில்காரர்கள் இன்ஜினுக்கு அடியில் காந்தம், தண்டவாளத்துக்கு நடுவில் ரீட் ஸ்விட்ச் வைக்கிறார்கள். எடை தேவையில்லை, உரசல் இல்லை. ஒரே சிக்கல், காந்தம் தாண்டியதும் ஸ்விட்ச் விட்டுவிடும். நீளமான ரயில் இன்னும் போய்க்கிட்டே இருக்கும், கேட் திறந்துடும்! அதனால முன்னாடி ஒண்ணு கேட்டை மூட, பின்னாடி ஒண்ணு திறக்கன்னு இரண்டு வைக்கணும். திறக்கும் ஸ்விட்சுக்கான காந்தம் கடைசிப் பெட்டியில் இருந்தால் நல்லது. கோவனின் சக்கர உத்தியில் இந்தத் தொல்லை கிடையாது. தனித்துண்டில் ஒரு சக்கரம் நிற்கும்வரை கேட்மேனும் வெளியே நிற்பார்.

அப்பாவும் மகனும் சேர்ந்து விளையாடும் பொருள் என்றே கோவன் ரயிலை விற்றார். பெண் குழந்தைகள் நினைவுக்கு வந்தது ரொம்பத் தாமதம். 1957-ல் லயனல் பிங்க் நிற இன்ஜினை இறக்கியது, சரியா விற்பனையாகலை. அதற்குள் விமானமும் காரும் நிஜ ரயிலையே ஓரங்கட்டிக்கொண்டிருந்தன. 1959-ல் தன் பங்குகளை, பேரன் முறை உறவினரான வக்கீல் ராய் கோன் தலைமையிலான குழுவுக்கு விற்றுவிட்டு வெளியேறினார். 1965-ல் ஃப்ளோரிடாவில் காலமானார். அவர் காலத்து கேட்மேன்களைத் துடைத்து, எண்ணெய் விட்டு ஓட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ரயில் வந்தா, அந்தக் கதவு இப்பவும் திறக்குது.