டோனாவூரின் அம்மை

ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பயமே அறியாத வீராங்கனை என்று நினைப்போர் பலர். அவருடைய வாழ்க்கையைக் கூர்ந்து நோக்கினால், நம்மைப் போலவே கவலைகளின் நடுவே வாழ்ந்து, அவற்றை அன்றன்று ஆண்டவரிடம் ஒப்படைத்த ஒரு தாயையே காண்கிறோம்.

அவர் 1867 டிசம்பர் 16 ஆம் திகதி வட அயர்லாந்தின் மில்லைல் கிராமத்தில் ஏழு பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். பதினேழு வயதில் தந்தையை இழந்தார். நரம்பு வலி அவரைப் பல வாரங்கள் படுக்கையில் கிடத்துவதுண்டு. சீனாவில் ஊழியஞ்செய்ய முன்வந்தபோது உடல்நிலையைக் காரணங்காட்டி மறுத்துவிட்டனர். ஜப்பானுக்குச் சென்றார், அங்கும் உடல் நலிந்தது. 1894 இல் சில காலம் நமது இலங்கையிலும் தங்கினார். 1895 இல் இந்தியாவை அடைந்தவர், பின்னர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் தாய்நாடு திரும்பவேயில்லை.

நம் முன்னோரில் பலர் விட்டுவந்த திருநெல்வேலிச் சீமையே அவருடைய பணிக்களமாயிற்று. 1901 இல், கோயிலுக்கு ஒப்படைக்கப்பட்டிருந்த பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளைத் தொடர்ந்து மேலும் பல பிள்ளைகள் வர, டோனாவூரில் அவர்களுக்கு ஒரு வீடு உருவாயிற்று.

பிள்ளைகள் பெருகப் பெருகக் கவலைகளும் பெருகின. நாளைய பாலுக்கும் அரிசிக்கும் வழி என்ன? காய்ச்சலில் கிடக்கும் குழந்தை பிழைக்குமா? அம்மையார் எவரிடமும் பணம் கேட்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். தேவையைச் செபத்தில் சொல்லிவிட்டு, கையிலிருந்த வேலையைச் செய்தார். பிஞ்சு விரல்களின் நகம் வெட்டுவதையும் இறைபணியாகவே எண்ணினார்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. நோய் பரவிய காலங்களில் குழந்தைகள் சிலர் இறந்தனர். ஒரு சிறுமியைக் காக்க நடத்திய வழக்கு 1911 இல் தோல்வியில் முடிந்தது. மனமுடைந்த நாட்களிலும் மற்றப் பிள்ளைகளுக்கு உணவூட்ட எழுந்தார். அவருடைய விசுவாசத்தின் பலத்தை நாம் இங்கேதான் காண்கிறோம்.

1931 ஒக்டோபரில் குழியொன்றில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருடைய உலகம் ஓர் அறைக்குள் சுருங்கியது. வலியோடு இருந்தபடியே நூல்கள் எழுதினார். பிள்ளைகளுக்கு ஆறுதல் சொன்னார். 1951 ஜனவரி 18 ஆம் திகதி இறைவனடி சேர்ந்தார். தமக்குக் கல்லறைக்கல் வேண்டாம் என்று அவர் கேட்டிருந்ததால், பறவைகள் நீரருந்தும் கற்றொட்டி ஒன்றை வைத்து, அதில் ‘அம்மை’ என்று மட்டும் பொறித்தனர்.

கந்தப்பளையில் கல்வி கற்று வெளியேறிய நமக்கும் கவலைகள் குறைவல்ல. அடைமழையில் லயத்தின் பின்னே மண் சரியுமோ, கொழும்புக்கு வேலைக்குப் போன மகள் ஏன் இன்னும் பேசவில்லை, பிள்ளையின் பரீட்சை என்னாகும் என்று இரவில் விழித்திருக்கிறோம். பயம் முற்றாக நீங்கும்வரை அம்மையார் காத்திருக்கவில்லை. நாமும் இரவின் பாரத்தைச் செபத்தில் இறக்கி வைத்து, விடிந்ததும் அடுப்பை மூட்டுவோம்; பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பசியையும் விசாரிப்போம். இந்த நூற்றாண்டில் நம் இளைய சகோதரிகளுக்கு நாம் கையளிக்கக்கூடிய நல்ல சொத்து இதுவே.