ஜே. சி. குமரப்பா

ஜோசப் செல்லத்துரை குமரப்பா (சனவரி 4, 1892 - சனவரி 30, 1960) தமிழகத்தைச் சேர்ந்த பொருளியலாளரும் இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். ஜே. சி. குமரப்பா என்று பரவலாக அறியப்படுகிறார். காந்தியப் பொருளியலை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். கிராமக் கைத்தொழில் ஏழைக் குடும்பத்தின் வருமானத்தை உயர்த்துமா என்னும் கேள்வியை ஒரு தணிக்கையாளரின் முறையில், வரவு செலவைக் கொண்டு ஆராய்ந்தவர் என்பது இவரது தனிச்சிறப்பாகும்.

இளமையும் கல்வியும்

குமரப்பா தஞ்சாவூரில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியசு. பின்னாளில் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை ஏற்றுக்கொண்டார். எழுத்தாளரான பாரதன் குமரப்பா இவரது உடன்பிறந்தவர் ஆவார்.

சென்னையில் பயின்ற பின்னர் இலண்டனில் கணக்கியல் கற்று, 1919 இல் நாடு திரும்பி மும்பையில் தணிக்கையாளராகப் பணியாற்றினார். 1927 இல் அமெரிக்கா சென்று சிராக்கியூசு பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியலும் பயின்றார். பிரித்தானிய ஆட்சியின் வரிக்கொள்கைக்கும் இந்தியாவின் வறுமைக்கும் உள்ள தொடர்பை அங்கு ஆராய்ந்தார். அவ்வாய்வே இவரைக் காந்தியிடம் கொண்டு சேர்த்தது. 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் இருவரும் முதன்முறையாகச் சந்தித்தனர்.

மாத்தர் வட்ட ஆய்வு

காந்தியின் வேண்டுகோளின்படி, குசராத்தின் கேடா மாவட்டத்திலுள்ள மாத்தர் வட்டத்தில் குமரப்பா பொருளாதார ஆய்வு ஒன்றை மேற்கொண்டார். குசராத் வித்தியாபீட மாணவர்களின் துணையுடன் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் தகவல் திரட்டப்பட்டது. நிலம், கால்நடை, விளைச்சல், கடன், வரி, துணைத்தொழில் ஆகியவை குடும்ப அளவில் கணக்கிடப்பட்டன. இவ்வாய்வு 1931 இல் நூலாக வெளிவந்தது.

1930 இல் காந்தி சிறைப்பட்டபோது யங் இந்தியா இதழின் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். அதன் தொடர்ச்சியாகத் தாமும் சிறை சென்றார்.

பீகார் நிவாரணப் பணி

1934 சனவரியில் பீகாரில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்தின்போது இராசேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணக் குழுவின் நிதிப்பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தொண்டர்களின் உணவுச் செலவுக்கு நாளொன்றுக்கு மூன்றணா என வரம்பு விதித்தார். காந்தியும் அவருடன் வந்தவர்களும் அங்கு வந்தபோது, அவர்களது செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என மறுத்துவிட்டார். பொதுப்பணத்தில் எவ்வளவு உரியவரைச் சென்றடைகிறது என்பதையே இவர் எப்போதும் அளவுகோலாகக் கொண்டார்.

கிராமத் தொழில் சங்கம்

1934 திசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டது. வார்தாவில் மகன்வாடி என்னுமிடத்தில் இயங்கிய அதன் செயலாளராகக் குமரப்பா பொறுப்பேற்றார். செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, சவர்க்காரம், பனைவெல்லம் முதலியவற்றில் சோதனைகளும் பயிற்சிகளும் நடத்தப்பட்டன. கருவிகளைத் திருத்தியமைத்துக் குறைந்த உழைப்பில் கூடுதல் பயன் பெறுவது நோக்கமாயிருந்தது. தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கு அங்கு உருவாக்கப்பட்டவற்றுள் ஒன்றாகும்.

உழவுக் குடும்பங்கள் ஆண்டில் பல மாதங்கள் வேலையின்றி இருந்தமையால், அக்காலத்தில் ஊரில் கிடைக்கும் மூலப்பொருளைக் கொண்டு வீட்டிலேயே செய்யும் தொழில் கூடுதல் வருமானம் தரும் என்பது இவரது வாதம். ஆலைப்பொருள் மலிவாக இருக்கிறதே என்னும் எதிர்வாதம் அன்றே இருந்தது. மலிவு விலையில் வேலை இழந்தவரின் இழப்பு சேர்க்கப்படவில்லை என்று குமரப்பா விடையளித்தார். பொருளின் விலை, அதைச் செய்தவர் வாழப் போதுமான கூலியை உள்ளடக்க வேண்டும் என்பதும் இவரது கொள்கை. இதற்கு இணையாக அகில இந்திய நூற்போர் சங்கம் 1935 இல் நூற்பவர்களின் கூலியை உயர்த்தியபோது கதரின் விலையும் உயர்ந்தது. நியாயமான கூலிக்கும் விற்பனைக்கும் இடையிலான இவ்விழுபறி கைத்தொழில் திட்டங்களில் இன்றும் தொடர்கிறது.

பனைத்தொழிலும் பழவேற்காடும்

பனைத்தொழிலுக்குக் குமரப்பா தனி இடம் அளித்தார். பனை பயிரிட இயலாத நிலத்திலும் வளர்கிறது; பனைவெல்லம் பெருகினால் கரும்பு விளையும் நிலம் உணவுப் பயிருக்குக் கிடைக்கும் என்று கணக்கிட்டார். மதுவிலக்கால் வேலை இழந்த பனையேறிகளுக்கும் இது மாற்றுத் தொழிலாகக் கருதப்பட்டது.

இவரது கணக்கு முறையை இன்றைய பனையோலைத் தொழிலுக்கும் பொருத்திப் பார்க்கலாம். சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள பழவேற்காடு ஏரிப்பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். மீன்பிடிப்பைச் சார்ந்த இப்பகுதியில் வருமானம் பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும். ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் மீன்வரத்து குறையும். இங்குள்ள பெண்கள் பனையோலையைக் கிழித்து, சாயம் தோய்த்துப் பெட்டிகளும் கூடைகளும் முடைகின்றனர்.

ஒரு பெட்டியின் விற்பனை விலை குடும்பத்தின் வருமானம் ஆகாது. ஓலை, சாயம், போக்குவரத்து, இடைத்தரகரின் பங்கு ஆகியவற்றைக் கழித்து, எஞ்சியதை முடைந்த மணிநேரத்தால் வகுத்தால் மட்டுமே உண்மைக் கூலி தெரியும். ஓலையையும் சாயத்தையும் வணிகரிடம் கடனாகப் பெற்று, முடைந்ததை அவரிடமே விற்கும் நிலையில் கூலியை அவரே தீர்மானிக்கிறார். கூட்டுறவுச் சங்கமோ மகளிர் குழுவோ மொத்தமாக ஓலை வாங்கி நேரடியாக விற்கும்போது அப்பங்கு முடைபவரின் கைக்கு வரக்கூடும். அப்போதும் இது மீன்பிடி வருமானத்துக்கு ஈடாகாது. மீன் இல்லாத நாட்களில் அடுப்பெரியவும், வட்டிக்கு வாங்கும் தேவையைக் குறைக்கவும் உதவும் துணை வருமானமே ஆகும்.

பிற்காலம்

1942 இயக்கத்துக்குப் பின் சிறையிலிருந்தபோது குமரப்பா நிலைத்த பொருளாதாரம் பற்றிய தமது புகழ்பெற்ற நூலை எழுதினார். இயற்கையின் வளத்தை அழிக்காத பொருளாதாரத்தை அதில் வலியுறுத்தியமையால், சூழலியல் சிந்தனையின் முன்னோடிகளுள் ஒருவராகவும் மதிக்கப்படுகிறார். விடுதலைக்குப் பின் காங்கிரசின் நிலச்சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதன் அறிக்கை 1949 இல் வெளிவந்தது. பெருந்தொழில்களை முதன்மைப்படுத்திய திட்டமிடலை இவர் ஏற்கவில்லை.

இறுதிக்காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். காந்தியின் நினைவு நாளான சனவரி 30 அன்று, 1960 ஆம் ஆண்டு காலமானார்.