ஆணி பொறுக்கிய முதலாளி

திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்தவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். வக்கீல், ரயில்வே, வங்கி வேலைகளை விட்டு, 1912-இல் தஞ்சாவூர் – புதுக்கோட்டை பஸ் விட்டார். நேரம் தவறக்கூடாது என்பதில் கறார். லாட ஆணி டயரைக் குத்தாதிருக்க, ரோட்டில் காந்தம் வைத்துப் பொறுக்கச் செய்தார் என்பார்கள். உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரிவாயு பிளான்ட் தயாரித்து வண்டிகளை ஓடவைத்தார். 1955-இல் மறைந்தார்.

நம்ம எறையூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்து நடத்தும் பழைய மாணவர்களே! சர்க்கரை ஆலையில் அரைவை நேரத்தில் கம்ப்யூட்டர் நின்றபின் ஓடுவது ரிப்பேர். நிற்காமல் பார்ப்பதே சர்வீஸ். ஆணி பொறுக்கியதை எந்தப் பயணியும் பார்க்கலை. பஸ் நேரத்துக்கு வந்ததைத்தான் பார்த்தாங்க. கண்ணுக்குத் தெரியாத அந்த வேலைக்குச் செலவழிக்கத் துணிபவரே முதலாளி. படிக்கும் தம்பி தங்கைகளும் இதை மனசில் வைக்கணும்.