ஆண்ட்ரூ பெல் ஐயரும் மணற்பள்ளியும்

இளையரசனேந்தலுக்குச் சென்றிருந்த ஞான்று, ஆங்கு நமக்கு அறிமுகமான சிறுவன் ஒருவனை நோக்கி, அரையை அரையாற் பெருக்கினால் யாது வரும் என்று வினவினோம். சிறிதும் தயங்காது ஒன்று என்றான். கால் என்று நாம் கூறியபோது அவன் நம்பவில்லை. பெருக்கல் என்ற சொல்லே பெருகுதலைக் குறிப்பதாயிருக்க, விடை எங்ஙனம் குறுகும் என்பது அவனுடைய ஐயம். ஆசிரியராயினார் யாவரும் இவ்வையத்தை அறிவர். இதனை நீக்கும் வழியை எண்ணியபோது நம் நினைவுக்கு வந்தவர், ஒரு சிறுவனுக்கு மற்றொரு சிறுவனையே ஆசிரியனாக்கிய ஆண்ட்ரூ பெல் ஐயர் ஆவர். அன்னாருடைய சரிதத்தைச் சுருக்கமாக ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

பெல் ஐயர் 1753ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் ஸ்காட்லாந்து தேசத்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் முடிதிருத்துந் தொழிலினர். அந்நகரத்துச் சர்வகலாசாலையிற் பயின்ற மைந்தர் கணிதத்தில் நன்கு விளங்கினார். 1774இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குச் சென்று செல்வர் மனையில் ஆசிரியராயிருந்து, 1781இல் தாயகம் மீண்டார். பின்னர் இங்கிலாந்து திருச்சபையிற் குருப்பட்டம் பெற்று, 1787இல் சென்னை வந்தடைந்தார்.

1789இல் எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளுக்கென ஒரு விடுதி ஏற்பட்டது. ஐரோப்பியப் போர்வீரருக்கு இந்நாட்டிற் பிறந்து, ஆதரவற்றுப்போன சிறுவரே அதிற் சேர்க்கப்பட்டனர். அதன் மேற்பார்வையை ஏற்ற பெல் ஐயர், படைகளின் குருவாக வேறு ஊதியம் பெற்றுவந்தமையின், இப்பணிக்குச் சம்பளம் வேண்டாவென மறுத்தார். ஆயினும் தக்க ஆசிரியர் கிடைத்திலர். கிடைத்தவரும் சிரத்தையோடு கற்பித்திலர்.

ஒருநாட் காலை குதிரைமீது உலவச் சென்றவர், தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியொன்றில் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். தாளும் மையும் வேண்டாத இம்முறை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. விடுதியிலும் எழுத்துக்களை அவ்வாறே கற்பிக்கப் பணித்தார். அங்கிருந்த ஆசிரியரோ, அது ஆகாத காரியம் என்றார். பெல் ஐயர் மனந்தளரவில்லை. ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அவ்வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர் ஆகாதென்றதைச் சிறியவன் செய்து முடித்தான். அதன்பின் வகுப்புத்தோறும் சிறுவரே சிறுவர்க்குக் கற்பிக்கலாயினர்.

இஃது ஐயருக்குப் புதுமையாயினும் நம் நாட்டுக்குப் புதுமையன்று. திண்ணைப் பள்ளிகளில் உபாத்தியாயருக்கு அடுத்த நிலையில் சட்டாம்பிள்ளை நின்று, எண்சுவடியை முறைவைக்க, ஏனையோர் பின்சொல்வது நெடுநாளைய வழக்கம். 1623ஆம் ஆண்டிலேயே இத்தாலிய யாத்திரிகர் பியத்ரோ தெல்லா வல்லே, கன்னட நாட்டுக் கோயில் முகப்பொன்றில், ஆசிரியர் எவருமின்றிச் சிறுவர் நால்வர் பாடிக்கொண்டே மணலில் எழுதிக் கணக்குப் பயின்றதைக் கண்டு வியந்து எழுதியுள்ளார்.

பெல் ஐயர் அம்மணலைக் கொண்டுசென்றார். அம்மணலில் நம்மவர் எழுதிய கீழ்வாயிலக்கத்தை அவர் கொண்டுசென்றிலர். அதன் சிறப்பை ஈண்டுச் சற்று நோக்குவோம். கால்வாசியிற் பாதிக்கு அரைக்கால் என்று பெயர். அரையைக் காலாற் பெருக்கிய விடை அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது. இருபதில் ஒன்றாகிய மாவைக் காலாற் பெருக்கினால் எண்பதில் ஒன்றாகிய காணி. காணியை மீண்டும் காலாற் பெருக்கினால் முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி. இங்ஙனம் பின்னத்தாற் பெருக்குதல் என்பது ஒன்றன் பகுதியில் ஒரு பகுதியை எடுத்தலே என்பது தெளிவாகும். தசம பின்னத்திலும் நியாயம் இதுவே. பத்தில் ஒன்றனுள் நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்றாகும். ஆதலின் 0.5ஐ 0.25ஆற் பெருக்குங்கால், புள்ளிக்குப்பின் ஓரிடமும் ஈரிடமும் கூடி மூன்றிடமாகி 0.125 வருகிறது. அதுவும் நம் அரைக்காலேயன்றி வேறன்று.

1796இல் பெல் ஐயர் சென்னையை விட்டகன்றார். மறுவருடம் இலண்டனில் தம் முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அது மதராஸ் முறை என்று பெயர்பெற்றது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் அத்தகைய முறையில் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி நடத்தினார். இதனை முதலிற் கண்டவர் யார் என்பதுபற்றி இருவர் கட்சியாரும் பல்லாண்டு வழக்கிட்டனர். பெயரறியாத திண்ணைப்பள்ளி உபாத்தியாயரின் பொருட்டு வழக்கிடுவார் ஒருவருமிலர். 1811இல் ஏற்பட்ட தேசிய சங்கத்தின் வாயிலாகப் பெல் ஐயரின் முறை விரைந்து பரவியது. அவர் மரிக்குமுன் 12,000க்கு மேற்பட்ட பள்ளிகள் அதனைக் கைக்கொண்டன.

அவர்பாற் குறைகளும் இருந்தன. இல்வாழ்க்கை நிலைக்கவில்லை. பொருளைச் சேர்ப்பதிற் கண்ணுங்கருத்துமாயிருந்தார். ஆயினும் சேர்த்த பெரும்பொருளைக் கல்விக்கே வைத்து, 1832ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பெற்றார். அவர் பிறந்த ஊரில் அவர் பொருளாற் கட்டப்பெற்ற கல்விச்சாலை மதராஸ் கல்லூரி என்றே இன்றும் வழங்குகிறது.

அவருடைய முறை பின்னர் மங்கியதன் காரணத்தையும் நாம் மறைத்தல் தகாது. பொருளுணராது ஒருவன் சொன்னதை நூறு பேர் ஒப்புவிக்கும் யந்திரமாக அது பல இடங்களில் மாறியது. 1846முதல் இங்கிலாந்தில் பயிற்சிபெறும் இளம் ஆசிரியர் சட்டாம்பிள்ளைகளின் இடத்தைப் பெற்றனர். திண்ணைப் பள்ளியின் குறையும் இதுவே. மனனம் ஒரு படியேயன்றி மாடமன்று. பிறனுக்கு விளங்கச் சொல்லுங்காலத்தான் கற்றது தனதாகிறது.

இளையரசனேந்தற் சிறுவனிடம் ஒரு கருப்பட்டியைக் கொடுத்து, அதைக் கொண்டு தன் தம்பிக்குக் கணக்கை விளக்குமாறு கூறினோம். அவன் அதனை இரண்டாக வெட்டினான். ஒரு பாதியை மீண்டும் இரண்டாக வெட்டிக் கையில் வைத்துப் பார்த்து, சற்று நேரம் பேசாதிருந்தான். பின்பு நம் பக்கம் திரும்பாமலே, தம்பியை நோக்கி, பாதியிற் பாதி கால் என்றான். நம் கல்லூரியினின்று ஆசிரியராகச் செல்லும் நண்பர்கள், வகுப்பில் தாம் பேசுவதைச் சிறிது நிறுத்தி, இத்தகைய சிறுவரைப் பேசவிடுவாராக.