வலியைத் தேடிய மருத்துவர்

தைப்பூசத்தன்று லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயம் வரை வெறுங்காலுடன் நடந்தவர்களுக்குத் தெரியும்: வெயில் ஏறிய சாலையில் பாதம் தானாகவே நிழலைத் தேடும். நீண்டநாள் நீரிழிவால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போனவருக்கு அந்தத் தேடல் வராது. வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போதுதான் கொப்புளத்தைப் பார்ப்பார். அது புண்ணாகி, மாதக்கணக்கில் ஆறாமல், சிலருக்கு விரலையோ காலையோ அகற்றும் நிலைக்குப் போய்விடுகிறது. சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால், இது நமக்குத் தூரத்துச் செய்தியன்று.

அந்தப் புண் ஏன் ஆறுவதில்லை? விடை கண்டவர்களில் முக்கியமானவர் நீரிழிவு மருத்துவர் அல்லர். தொழுநோயாளிகளின் கைகால்களைப் பார்த்துப் பாடம் கற்ற அறுவை மருத்துவர் பால் பிராண்ட்.

1914 ஜூலை 17ஆம் தேதி தமிழ்நாட்டின் கொல்லிமலையில், ஆங்கிலேய சமய ஊழியர்களான ஜெஸி, எவலின் தம்பதியருக்கு அவர் பிறந்தார். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். அதன்பின் அவர் தந்தையைப் பார்க்கவே இல்லை. 1929ல் ஜெஸி கடும் மலேரியாவின் விளைவாகக் கொல்லிமலையிலேயே இறந்தார். பள்ளி முடித்த பால் மருத்துவத்தை விரும்பவில்லை. ரத்தமும் சீழும் அவருக்கு அருவருப்பு. தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றுக்கொண்டு சில ஆண்டுகளைக் கழித்தார். பிறகுதான் மனம் மாறி லண்டனில் மருத்துவம் படித்தார். எடையைத் தாங்கும் சுவரைப் பற்றிக் கொத்தனாராகக் கற்றது, பின்னாளில் பாதத்தைப் பற்றி யோசிக்கக் கைகொடுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1946ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஒருநாள் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தம் கையைப் பற்றி அழுத்தச் சொன்னார். பிடி வலிக்கும் அளவுக்கு இறுகியது. தொழுநோய் வந்தால் சதை தானாகவே அழுகி உதிரும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. ஆனால் அந்தக் கையின் தசைகளில் வலு இருந்தது. அறுவை சிகிச்சை செய்து பார்த்தார். காயங்கள் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறின.

அப்படியானால் விரல்கள் எப்படிக் குறைகின்றன? பிராண்ட் துப்பறியத் தொடங்கினார். துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியாதபோது ஒரு சிறுவன் எளிதாகத் திருகித் திறந்தான். அவன் விரல் எலும்பு தெரியும்வரை வெட்டுப்பட்டிருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. சிலருக்கு இரவில் விரல் காணாமல் போனது. விழித்திருந்து பார்த்ததில், தூங்குபவர்களின் விரல்களை எலிகள் கடித்தது தெரிந்தது. அதன்பிறகு வீடு திரும்பும் நோயாளிகளுடன் பூனையும் போனது! எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. வலி இல்லை.

பாதத்தில் எலி கடிக்க வேண்டியதுகூட இல்லை. உணர்வுள்ளவர் நெடுந்தூரம் நடக்கும்போது, அறியாமலே நடையை மாற்றி எடையை வேறிடத்துக்கு நகர்த்துவார். உணர்வற்றவர் ஆயிரக்கணக்கான அடிகளையும் ஒரே புள்ளியில் வைப்பார். சாதாரண அழுத்தம்தான், ஆனால் திரும்பத் திரும்ப விழும்போது திசு வீங்கி, உடைந்து, புண்ணாகிறது. மருந்து வைத்துக் கட்டி அனுப்பினால், அந்தப் புண்மேலேயே நடந்து போவார். எனவே பிராண்ட் மாவுக்கட்டுப் போட்டார். இந்தியாவிலும் இலங்கையிலும் சில மருத்துவர்கள் முன்பே பயன்படுத்திய முறை அது. காலோடு ஒட்டிய கட்டு எடையைப் பரப்பிவிட, உள்ளே புண் ஆறியது.

ஒருமுறை லண்டனில் இரவு காலுறையைக் கழற்றியபோது, அவருடைய குதிகாலிலேயே உணர்வு இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் என்று எண்ணி இரவெல்லாம் தூங்கவில்லை. விடிந்ததும் மீண்டும் குத்தினார். சுரீரென்று வலித்தது. நெடுநேர ரயில் பயணத்தில் நரம்பு அழுந்தி மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வலித்ததற்காக அன்று அவர் மகிழ்ந்தார்.

1966ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கு நீரிழிவாளர்களின் பாதங்களைப் பார்த்தபோது அதே புண்கள், அதே இடங்களில் இருந்தன. மாவுக்கட்டும் மென்மையான காலணியும் அவர்களுக்கும் பயன்பட்டன. அழுத்தம் கூடினால் ஒலியெழுப்பும் கருவிகளையும் அவர் குழு செய்து பார்த்தது. நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்தால், கருவியை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். செயற்கை வலி தோற்றது. அந்தத் தோல்வியை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார்.

இன்று பாதப்புண்ணுக்கு உயிரியல் உறைகள் வந்துவிட்டன. குழந்தை பிறந்தபின் கிடைக்கும் பனிக்குடச் சவ்வு, மாட்டிலிருந்து எடுக்கும் கொலாஜன், பதப்படுத்திய காட் மீனின் தோல், ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் அணுக்கள் ஆகியவற்றிலிருந்து செய்யப்படுபவை இவை. வீக்க நிலையிலேயே நின்றுபோன புண்ணில், புதிய அணுக்கள் ஏறி வளர இவை சாரம்போல் உதவும். கட்டடத்துக்கு அடியில் நிலம் அதிர்ந்துகொண்டிருந்தால் சாரம் நிற்குமா? அதனால்தான் அழுகிய திசுவை நீக்கி, கிருமித்தொற்றையும் ரத்த ஓட்டத்தையும் கவனித்து, பாதத்தின் மீதுள்ள சுமையையும் இறக்குகிறார்கள். தொற்று கடுமையாக இருந்தாலோ ரத்த ஓட்டம் மிகக் குறைந்தாலோ மாவுக்கட்டும் பொருந்தாது.

பிராண்ட் 2003 ஜூலை 8ஆம் தேதி சியாட்டலில் தமது 88வது வயதில் காலமானார். தாத்தா பாட்டியுடன் பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுப் பாதப் பரிசோதனைக்குத் துணைக்குப் போனால், மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பார்க்கலாம். எந்த அளவு இழையை உணர முடியாவிட்டால் பாதத்துக்கு ஆபத்து என்பதை 1980களில் ஆராய்ந்து சொன்னவர்கள் கார்வில் ஆய்வாளர்கள். நோயாளி கண்ணை மூடிக்கொள்வார். இழை வளையும்வரை பாதத்தில் அழுத்துவார்கள். 10 கிராம் அழுத்தம். பட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும்.