முக்காற்புள்ளி வைத்த கணக்கு வாத்தியார்

போன வருஷம் எங்கள் செட்டின் ப்ராஜெக்ட் ஃபோல்டர்களைப் பிரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கையால் பிரிக்கச் சோம்பல். பேட்ச் ஃபைல் ஒன்று எழுதினேன். ஃபோல்டருக்குள் டி.டபிள்யூ.ஜி. கோப்பு இருந்தால் 'வரைபடம்' பக்கம் தள்ளு. இல்லாவிட்டால், டாக் கோப்பு இருந்தால் 'அறிக்கை' பக்கம் தள்ளு. என்டர் தட்டியதும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி, வெண்டை பிரிஞ்ச மாதிரி எல்லாம் பிரிஞ்சாச்சு!

மறுநாள் ரெக்கார்டு வைக்க வேண்டிய நண்பன், அறிக்கையைக் காணோம்னு அழாத குறை. இரண்டு வகைக் கோப்பும் இருந்த ஃபோல்டர்கள் முதல் வரியிலேயே வரைபடத்துக்குப் போய்விட்டன. தப்பு கம்ப்யூட்டருடையதல்ல, என் விதியுடையது.

இதே சிக்கலோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1892-ல் பிறந்தார். திக்குவாயை வென்று கணக்கு வாத்தியாரானார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்பத் துடித்தார். ஆனால் படிப்புக்காக லண்டன் போனது அவரை மாற்றிவிட்டது. அங்கே கடையொன்றில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே பட்டை, அதே நட்டு; சேர்க்கும் விதத்தில் வேறு வேறு பொம்மை! புத்தகப் பொருளையும் இப்படிச் சேர்த்தால் என்ன?

1933-ல் கோலன் பகுப்புமுறை வெளிவந்தது. நெல், அதன் நோய், தடுப்பு, ஊர், வருஷம் என்று பொருளைத் துண்டுகளாக்கி, துண்டுகளை முக்காற்புள்ளி போன்ற குறிகளால் கோத்தார். புத்தகம் ஒரு அலமாரியில்தான் நிற்கும். அதன் மற்ற முகங்களை அட்டைப் பட்டியல் காட்டும்.

1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் அவர் உழைப்பு உண்டு. 1957-ல் பத்மஸ்ரீ. 1962-ல் பெங்களூரில் ஆவணப் பயிற்சி மையம் தொடங்கினார். 1972-ல் மறைந்தார். அவர் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 12 நூலகர் தினம்.

என் பேட்ச் ஃபைலைத் திருத்திவிட்டேன். இரண்டும் இருக்கான்னு முதலில் பார்க்கும். இருந்தால் தனி இடம். நகர்த்துமுன் பட்டியலைத் திரையில் காட்டும். நண்பர்களே, என்டர் தட்ட ஒரு நொடி போதும். எதை எதோடு சேர்ப்பது என்று யோசிக்கத்தான் அந்த வாத்தியாருக்கு ஒரு ஆயுள் தேவைப்பட்டது!